கையாள் முதலாளியாகும்போது

சிறு தொழிலில் ஆள் சேர்ப்பதும் நடத்துவதும் நிறுத்துவதும் பற்றி ஒரு பாடம்



வயலும் குளமும் மாடு கன்றுமாக வாழ்ந்தவர்கள் நீங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேரில் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில்தான் வந்து இறங்கினர். போரின் வேறு வேறு காலங்களில் வேறு குடும்பங்களும் இக்கரைக்கு வந்து சேர்ந்தன. 2009 இல் போர் முடிந்த பின்னர் சிலர் ஊர் திரும்பினர், பலர் இங்கேயே தங்கிவிட்டனர். இன்னும் பலருக்கு ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாகவே வாழ்க்கை போகிறது.

வந்த நாட்களில் எமக்கு நிலம் இருக்கவில்லை. கற்பிட்டிப் பக்கத்து வெங்காயப் பாத்திகளிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் கூலிக்கு நின்றோம். பிறகு சிலர் மேசன்மாருக்குக் கையாளாகப் போயினர். தாச்சி சுமந்து, கலவை குழைத்து, சாரம் கட்டி, மெல்ல மெல்லச் சாந்தகப்பையைக் கையில் எடுத்தனர். 2007 இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம் வீட்டுப் பணத்தைத் தவணை தவணையாகக் குடும்பங்களின் கையிலேயே கொடுத்தது. கட்டுவிக்கும் பொறுப்பும் வீட்டுக்காரரிடமே விடப்பட்டது. அந்த வருடங்களில் மேசனுக்கும் ஓடாவிக்கும் கையாளுக்கும் ஒரே கிராக்கி. அப்போது தொழில் பழகியவர்களில் பலர் இன்று நாலு பேர், ஆறு பேர் என்று ஆட்களை வைத்து, வீட்டு வேலையைக் கொந்தராத்து எடுத்துச் செய்கின்றனர். வெல்டிங் பட்டறை, தளபாட வேலை, மின்கம்பி வேலை, மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை என்று வேறு தொழில்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பாடம் அவர்களுக்கும், நாளைக்கு அப்படி ஆகப்போகிறவர்களுக்கும் உரியது. சுவர் கட்ட எல்லோரும் பழகிக்கொண்டோம். ஆளை வைத்து வேலை வாங்க எமக்கு யாரும் பழக்கவில்லை. நாம் எப்படி நடத்தப்பட்டோமோ அப்படியே நாமும் நடத்தப் பார்க்கிறோம்.

1. அன்று நாம் நின்ற இடம்

முதலில் ஒரு நிமிடம் பின்னோக்கிப் பார்ப்போம். வந்த புதிதில் கிடைத்த கூலியை நாம் பேரம் பேசாமல் வாங்கினோம். பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது யார் பேரம் பேசுவார்? அதனால் இந்த மண்ணில் ஏற்கெனவே கூலி வேலை செய்துவந்த ஏழைகளின் கூலியும் குறைந்தது. 'இவர்கள் வந்து எங்கள் வயிற்றில் அடித்துவிட்டார்கள்' என்று அவர்கள் மனம் நொந்ததிலும் நியாயம் இருந்தது. இரு பக்கத்து ஏழைகளும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, இலாபம் வேறொருவர் கைக்குப் போனது.

அப்போது எமக்கு எது அதிகம் வலித்தது என்று குடும்பங்களிடம் கேட்டால், 'கூலி குறைவு' என்பதை முதலாவதாகச் சொல்பவர் குறைவு. 'எவ்வளவு தருவார் என்று முதலில் சொல்லமாட்டார்.' 'சனிக்கிழமை தருவேன் என்பார், சனிக்கிழமை ஆளைக் காணக் கிடைக்காது.' 'ஒரு நாள் காய்ச்சலில் படுத்தேன், மறுநாள் என் இடத்தில் வேறொருவர் நின்றார்.' இவைதான் திரும்பத் திரும்பக் கேட்கும் பதில்கள். சொல்லாத கூலி, தள்ளிப்போடும் கூலி, காரணமில்லாத நிறுத்தம் ஆகிய மூன்றும்தான் எமது காயங்கள். இன்று எம்மிடம் கையாளாக நிற்கும் பையனுக்கு இந்த மூன்றையும் நாம் செய்யாதிருக்கிறோமா? இதுதான் இந்தப் பாடத்தின் கேள்வி.

2. ஆள் எடுக்கும் முன் கணக்கு

ஓர் ஆளை எடுப்பது இரக்கத்தினால் மட்டும் செய்யும் காரியமன்று. கணக்குப் பாராமல் எடுத்தால் இரண்டு மாதத்தில் அவரை வீட்டுக்கு அனுப்ப நேரும். அது இரக்கமாகாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கையாளுக்கு நாட்கூலி 2,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 நாள் வேலை.

கூலி: 55,000 ரூபா.
இ.பி.எப். என்று நாம் சொல்லும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 வீதம்: 6,600 ரூபா.
இ.ரி.எப். என்னும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் பங்கு 3 வீதம்: 1,650 ரூபா.
மொத்தம்: 63,250 ரூபா.

ஆகவே அந்தக் கையாளுக்கு ஒரு நாளைக்கு நீங்கள் செலவிடுவது 2,875 ரூபா. தேநீரும் உணவும் கொடுத்தால் அது இன்னும் கூடும். வீட்டுக்காரருக்கு விலை சொல்லும்போது 2,500 ரூபாவை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த மீதிப் பணத்தை யாரோ ஒருவர் இழக்கத்தான் வேண்டும். பெரும்பாலும் அது கையாளின் சேமலாப நிதியாகத்தான் இருக்கும்.

கையாளின் சம்பளத்திலிருந்து அவருடைய பங்காக 8 வீதம், அதாவது 4,400 ரூபா கழிக்கப்படும். அவர் கையில் 50,600 ரூபா கிடைக்கும். அவருடைய 8 வீதமும் உங்கள் 12 வீதமும் சேர்ந்து மாதம் 11,000 ரூபா அவர் பெயரில் வைப்பாகும். இதை அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளுக்கு முன் செலுத்திவிட வேண்டும். பிந்தினால் தண்டக் கட்டணம் ஏறிக்கொண்டே போய், செலுத்தவேண்டிய தொகையின் 50 வீதம் வரை வரும்.

'எனக்கு இரண்டு பேர்தானே, எனக்கு ஏன் இந்தச் சட்டம்?' என்று பலர் கேட்கின்றனர். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரே ஓர் ஊழியரை வைத்திருப்பவருக்கும் பொருந்தும். நாட்கூலிக்கும் பொருந்தும், துண்டு வேலைக்கும் பொருந்தும். குடும்பத்தவர்கள் மட்டுமே வேலை செய்யும் தொழிலுக்கு விலக்கு உண்டு. 'அவர் என் ஆள் இல்லை, உப கொந்தராத்துக்காரர்' என்று பெயரை மாற்றுவதால் கடமை மாறாது. நாள்தோறும் உங்கள் சொற்படி, உங்கள் சாமானை வைத்து வேலை செய்பவர் உங்கள் ஊழியர்தான்.

கூலிக்கு ஒரு கீழெல்லையும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2025 இல் திருத்தப்பட்டது. அதன்படி 2026 ஜனவரி 1 முதல் மாதச் சம்பளம் 30,000 ரூபாவுக்கும், நாட்சம்பளம் 1,200 ரூபாவுக்கும் குறையக் கூடாது. இது கீழெல்லை மாத்திரமே, நியாயமான கூலி என்று இதைக் கொள்ளலாகாது.

இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டுக்காரர் தவணைப் பணத்தைப் பிந்தித் தருவது வழமை. அதற்காகக் கூலியைப் பிந்திக் கொடுப்பது நியாயமல்ல. கொந்தராத்தை ஒப்புக்கொண்டவர் நீங்கள், கையாள் அல்ல. ஆகவே ஒரு வேலையைத் தொடங்கும்போது ஆட்களின் ஒரு வாரக் கூலியாவது கையிருப்பில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஓர் ஆளைக் குறைத்து எடுங்கள், அல்லது அத்திவாரத்துக்கு முன்னரே முதல் தவணையைக் கேட்டு வாங்குங்கள்.

3. யாரை எடுப்பது?

முகாமிலும் மீள்குடியேற்றக் கிராமத்திலும் ஆள் தேடுவது சுலபம். மச்சான் இருக்கிறார், பெரியம்மாவின் மகன் இருக்கிறான், பழைய ஊரில் பக்கத்து வளவுக்காரர் இருக்கிறார். அவர்களை எடுப்பதில் பிழை இல்லை. அந்நிய மண்ணில் ஒருவரையொருவர் தாங்கித்தான் நாம் பிழைத்தோம். ஆனால் இரண்டு விடயங்களை மறக்கலாகாது.

முதலாவது, வேலை தெரிந்தவரா என்று பாருங்கள். மூன்று நாள் பரீட்சை வையுங்கள். அந்த மூன்று நாளுக்கும் கூலி கொடுங்கள். 'பழகுகிற நாள்தானே' என்று இலவசமாக வேலை வாங்குவது நாம் பட்ட பழைய காயம். கலவையின் பதம் பிடிபடுகிறதா, தூக்குக்குண்டையும் மட்டப்பலகையையும் கேட்காமலே எடுக்கிறாரா, மாலையில் சாமான்களைக் கழுவி வைக்கிறாரா என்று மூன்று நாளில் கண்டுகொள்ளலாம். பிழையைச் சொன்னால் மறுநாள் திருத்துகிறாரா என்பதையே எல்லாவற்றிலும் கூடுதலாகக் கவனியுங்கள். கைத்திறனைப் பழக்கிவிடலாம், கேட்கும் மனத்தைப் பழக்குவது கடினம்.

இரண்டாவது, எல்லா ஆட்களையும் ஒரே வீட்டிலிருந்து எடுக்காதீர்கள். நாலு பேரும் ஒரே குடும்பமாக இருந்தால் ஒருவரைக் கண்டிக்கும் நாளில் நாலு பேரும் வேலைக்கு வராமல் விடக்கூடும். இந்த மண்ணின் பழைய குடிகளிலிருந்தும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்துப் பையன்களும் ஒரே சாரத்தில் நின்று ஒரே கூலி வாங்கினால், முன்னைய மனக்கசப்பில் கொஞ்சமாவது கரையும்.

பெண்கள் பலர் கையாள் வேலைக்கு வருகின்றனர். கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. ஒரே தாச்சியைச் சுமப்பவருக்கு ஒரே கூலிதான். அதில் பேச்சுக்கு இடமில்லை.

வயதையும் பாருங்கள். 2021 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பது குற்றம். 18 வயது நிரம்பாதவரை ஆபத்தான வேலைகளில் விடக்கூடாது. 'வீட்டில் கஷ்டம், பையனை வைத்துக்கொள்ளுங்கள் நானா' என்று தாய் வந்து கெஞ்சினாலும், பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுங்கள்.

தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. அனுபவத்தால் கற்ற திறமையைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இலங்கையில் நடைமுறையில் இருக்கிறது. தொழிற் பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் விசாரித்து உங்கள் ஆட்களை அனுப்புங்கள். 'சான்றிதழ் கிடைத்தால் வேறிடம் போய்விடுவான்' என்று பயப்படவேண்டாம். முன்னேற வழியில்லாத இடத்திலிருந்துதான் நல்ல ஆள் முதலில் போவார்.

4. முதல் நாளே சொல்லவேண்டிய ஆறு

வேலைக்கு எடுத்த அன்றே, தேநீர் குடிக்கும் நேரத்தில், பின்வரும் ஆறையும் வாயால் சொல்லி, கொப்பியில் எழுதி, இருவரும் கையொப்பம் இடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும்.

அ. நாட்கூலி எவ்வளவு? சேமலாப நிதிக்கு எவ்வளவு கழியும்?
ஆ. எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு? அதற்கு மேல் நின்றால் மேலதிக நேரக் கூலி எவ்வளவு?
இ. எந்தக் கிழமை கூலி நாள்?
ஈ. மழையால் வேலை நின்றால் என்ன? அரை நாள் வேலை செய்தால் என்ன?
உ. முற்பணம் எவ்வளவு வரை தரப்படும்? எப்படிக் கழியும்?
ஊ. வேலை முடிந்தாலோ நிறுத்த நேர்ந்தாலோ எத்தனை நாள் முன்னறிவித்தல்?

கடைசிக் கேள்வியை முதல் நாளில் கேட்பது அபசகுனம் என்று சிலர் நினைக்கின்றனர். அப்படியல்ல. ஒருவரில் ஒருவர் நம்பிக்கையோடு இருக்கும்போதுதான் பிரிவைப் பற்றி நியாயமாகப் பேசமுடியும். கோபத்தில் நிற்கும்போது பேசினால் யாருக்கும் நியாயம் தெரியாது.

5. கொப்பியும் கூலி நாளும்

ஒரு 80 பக்கக் கொப்பி போதும். திகதி, பெயர், முழு நாளா அரை நாளா, மேலதிக நேரம், கொடுத்த முற்பணம், கையொப்பம் என்று ஆறு நிரல்கள் கீறுங்கள். ஒவ்வொரு மாலையும் எழுதுங்கள். சனிக்கிழமை ஒன்றாக எழுதலாம் என்று விட்டால் புதன்கிழமை அரை நாளா முழு நாளா என்று இருவருக்கும் நினைவிருக்காது. நினைவு எப்போதும் அவரவர் பக்கமே சாயும்.

பெரும்பாலான சண்டைகள் முற்பணத்தில்தான் தொடங்குகின்றன. பெருநாளுக்கு ஐயாயிரம், பிள்ளையின் கொப்பிக்கு ஆயிரம், மருந்துக்கு இரண்டாயிரம் என்று கை மாறியது எதுவும் எழுத்தில் இல்லை. மூன்று மாதம் கழித்து 'இருபதாயிரம் நிற்குது' என்கிறார் முதலாளி, 'பன்னிரண்டுதான்' என்கிறார் கையாள். இருவரும் பொய் சொல்லவில்லை. கொப்பி இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று. முற்பணத்தைக் கயிறாகப் பாவித்து ஆளைக் கட்டிப்போடாதீர்கள். கடன் தீரும் வரை போகமுடியாது என்ற நிலை வந்தால் அதற்குப் பெயர் வேலையல்ல, அடிமைத்தனம்.

கூலி நாளைத் தவறவிடாதீர்கள். 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கட்டிடத் தொழிலுக்கென ஒரு சம்பளச் சபையும் உண்டு. வாரக் கூலியானால் வாரம் முடிந்து மூன்று நாட்களுக்குள்ளும், மாதச் சம்பளமானால் பத்து நாட்களுக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கும்படி பழைய ஏற்பாடும் சொல்கிறது, இஸ்லாமும் சொல்கிறது. நாம் எந்தப் பக்கத்துப் பிரார்த்தனைக்குப் போகிறவர்களானாலும் இதில் எமக்கு ஒரே கட்டளைதான்.

6. நடத்தும் முறை

பிழையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் முன்னால் கையாளை ஏசும் பாஸ் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டுகிறேன் என்று நினைக்கிறார். வீட்டுக்காரருக்கோ, தன் ஆட்களைத் தானே மதிக்காத ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டோமே என்ற கவலைதான் வரும். சுவர் தூக்கு விலகியிருந்தால் 'உனக்குக் கண் இல்லையா?' என்று கேட்காமல், குண்டைத் தொங்கவிட்டு அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அவரே இடித்து, அவரே கட்டட்டும். அடுத்த சுவர் நேராக வரும்.

ஆபத்தைக் குறைப்பதும் உங்கள் பொறுப்பு. சாரத்தின் தடியைக் காலையில் நீங்களே ஆட்டிப் பாருங்கள். வெல்டிங் வேலைக்குக் கண்ணாடி, கொங்கிறீட் வேலைக்குச் சப்பாத்து என்று வாங்கிக் கொடுங்கள். வேலையில் காயப்பட்டவருக்கு முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று 1934 ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. 2022 இல் வந்த திருத்தம், வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் அதில் சேர்த்தது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் ஒரு குடும்பம் விழுகிறது, உங்கள் தொழிலும் அதோடு விழக்கூடும்.

7. நிறுத்தும் நாள்

இப்பாடத்தின் கடினமான பகுதி இதுதான். இதில் எமது சொந்தப் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும்.

சில வருடங்களுக்கு முன், இளைஞர்களுக்கு வேலை கொடுக்கும் நோக்கத்தோடு சீமெந்துக் கல் அரியும் சிறு வேலைத்தலம் ஒன்றை நாம் நடத்தினோம். ஆறு பேர் வேலை செய்தனர். ஒரு வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தபோது ஒன்பது மூடை சீமெந்து குறைந்தது. களஞ்சியத் திறப்பு ஓர் இளைஞனிடம் இருந்தது. அவனுடைய வீட்டில் அந்த வாரம்தான் புதிதாக ஒரு குசினி கட்டத் தொடங்கியிருந்தனர். இரண்டையும் இரண்டையும் கூட்டிவிட்டோம். அன்று மாலையே, 'தம்பி, திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம்' என்றோம். ஏன் என்று அவன் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் காரணம் தானாகவே விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கிராமம் முழுவதற்கும் விளங்கிவிட்டது.

மூன்று வாரம் கழித்து லொறிக்காரரின் துண்டு ஒன்று கைக்கு வந்தது. இறக்கிய மூடைகளே ஒன்பது குறைவு. கேட்ட தொகையைத்தான் நாம் புத்தகத்தில் எழுதியிருந்தோம், வந்த தொகையை எழுதவில்லை. அந்த இளைஞனின் வீட்டுக்கு ஓடினோம். அவன் கொழும்புக்குப் போய்விட்டான். தாய் எமக்குக் கதிரை எடுத்துப் போட்டார். தேநீரும் தந்தார். பிறகு, 'பாதர், அண்டைக்கு நீங்கள் அவனிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்' என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்டோம். திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினோம். அவன் வரவில்லை.

அந்த ஒரு கேள்விதான் இந்தப் பகுதியின் முழுப் பாடமும். இனி முறையைப் பார்ப்போம். நிறுத்தம் இரு வகைப்படும்.

வேலை இல்லாததால் நிறுத்துதல். இதில் ஆளின் பிழை எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டிட வேலை குறையும் என்பது தெரிந்த விடயம். 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து விலை ஏறி, எரிபொருளும் இல்லாமல் போனபோது, பாதி எழுந்த சுவர்களோடு வேலைகள் நின்றன. அப்படியான காலத்தில் உண்மையை நேரத்தோடு சொல்லுங்கள். 'கூரை ஏறினதும் எனக்கு அடுத்த வேலை இல்லை' என்று இரண்டு வாரத்துக்கு முன் சொன்னால் அவர் வேறிடம் தேடுவார். கடைசியாக வந்தவரை முதலில் நிறுத்துவது பொதுவான நியாயம். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நாட்களைப் பகிர்ந்து கொடுக்க முடியுமா என்றும் ஆட்களிடமே கேளுங்கள். நிறுத்தியவரின் பெயரைக் கொப்பியில் வைத்து, அடுத்த வேலை வந்ததும் முதலில் அவரை அழையுங்கள்.

பிழைக்காக நிறுத்துதல். அடிக்கடி பிந்தி வருதல், சொல்லாமல் நிற்றல், வேலையில் கவனமின்மை போன்ற பிழைகளுக்கு இந்தப் படிகளைப் பின்பற்றுங்கள்.

முதற்படி: கேளுங்கள். 'மூன்று நாளாக எட்டரைக்கு வருகிறாய், என்ன பிரச்சினை தம்பி?' மனைவிக்குச் சுகமில்லை என்றோ பஸ் மாறிவிட்டது என்றோ பதில் வரலாம். பாதிப் பிரச்சினைகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: திருந்தாவிட்டால் எச்சரியுங்கள். என்ன பிழை, எப்போதைக்குள் திருந்தவேண்டும் என்பதைத் திகதியோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

மூன்றாம் படி: அதன் பின்னும் தொடர்ந்தால், ஊர்ப் பெரியவர் ஒருவரையோ தொழிலில் மூத்த ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.

நான்காம் படி: ஓர் இரவு தூங்கி எழுந்து முடிவெடுங்கள். கோபத்தில் எடுத்த முடிவு காலையில் வேறாகத் தெரியும்.

களவு, அடிதடி, குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறுதல், பெண்களிடம் முறைகேடாக நடத்தல் போன்ற பாரிய குற்றங்களானால் அன்றே வேலைத்தலத்திலிருந்து விலக்கி வைக்கலாம். ஆனால் விலக்கி வைப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. விசாரித்த பின்னரே தீர்ப்பு. எமது பிழையும் இதில்தான் நேர்ந்தது.

நிறுத்துவதென்று முடிவானால், காரணத்தை எழுதிக் கொடுங்கள். அன்றைய நாள் வரையுள்ள கூலியை அன்றே எண்ணிக் கொடுங்கள். சேமலாப நிதிப் பங்குகள் கட்டி முடிந்தனவா என்று காட்டுங்கள். அவருடைய சாமான்களை அவரிடமே ஒப்படையுங்கள். பிறகு தேநீர்க் கடையில் அவரைப் பற்றிக் கதைக்காதீர்கள். வேலையை எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அவருடைய பெயரை எடுக்க உரிமை இல்லை.

சட்டத்தையும் சுருக்கமாக அறிந்துகொள்ளுங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் தொழில்களுக்கு 1971 ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தற் சட்டம் உண்டு. ஒழுக்காற்றுக் காரணமல்லாது நிறுத்துவதானால் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். 15 பேருக்குக் குறைந்த சிறு தொழிலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதற்காக எதையும் செய்யலாம் என்று எண்ணவேண்டாம். நியாயமின்றி நிறுத்தப்பட்ட தொழிலாளி ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். திரும்ப வேலைக்கு எடுக்கும்படியோ நட்டஈடு கொடுக்கும்படியோ அது கட்டளையிடலாம். அங்கே உங்களிடம் கேட்பார்கள்: காரணம் என்ன, எச்சரித்தீர்களா, அவர் சொல்வதைக் கேட்டீர்களா, எழுத்தில் என்ன இருக்கிறது? மேலே சொன்ன படிகளை மனச்சாட்சிக்காகச் செய்தவருக்கு இந்தக் கேள்விகளுக்கான பதிலும் கொப்பியிலேயே இருக்கும்.

8. மச்சானை எப்படி நிறுத்துவது?

கூட்டங்களில் எம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. தங்கையின் கணவன் வேலைக்குப் பிந்தி வருகிறான், மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள், நிறுத்தினால் தங்கை அழுவாள், உம்மா பேசமாட்டார். என்ன செய்வது?

வீட்டையும் வேலைத்தலத்தையும் பிரித்து வையுங்கள். வேலைத்தலத்தில் அவருக்கும் அதே கொப்பி, அதே எச்சரிக்கை, அதே படிகள். அவருக்கு ஒரு நியாயம், அயல் வீட்டுப் பையனுக்கு இன்னொரு நியாயம் என்றால் அந்தப் பையன் உங்கள் சொல்லை இனி நம்பமாட்டான். அதே வேளை, நிறுத்திய அன்று மாலையே தங்கையின் வீட்டுக்கு நீங்களே போங்கள். வேறொருவர் வாயால் அவள் அதைக் கேட்கலாகாது. தங்கை குடும்பத்துக்கு உதவ விரும்பினால் சகோதரனாக உதவுங்கள். அரிசி வாங்கிக் கொடுங்கள், வேறு தொழில் தேடிக் கொடுங்கள். அந்த உதவியைச் சம்பளம் என்ற பெயரில் மறைத்துக் கொடுத்தால் தொழிலும் கெடும், உறவும் கெடும்.

9. இன்னொரு வழியும் உண்டு

முதலாளி, கையாள் என்ற பிரிவே இல்லாமல் தொழில் செய்ய முடியாதா என்று சில இளைஞர்கள் கேட்கின்றனர். முடியும் என்பதற்கு அக்கரையில் ஒரு சாட்சி உண்டு. கேரளத்தின் வடகரைக்கு அருகில் ஊராளுங்கல் என்ற ஊரில், வாக்படானந்தர் என்ற சீர்திருத்தவாதியைப் பின்பற்றிய கூலித் தொழிலாளருக்கு, அக்காரணத்தாலேயே நிலவுடைமையாளர்கள் வேலை கொடுக்க மறுத்தனர். அவர்கள் 1925 இல் தமக்குள் ஒரு சங்கம் அமைத்து, வேலைகளைத் தாமே கொந்தராத்து எடுக்கத் தொடங்கினர். இன்று அது பாலங்களும் வீதிகளும் அமைக்கும் பெரிய தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமாக, பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்து நிற்கிறது. தொழிலாளரே அதன் அங்கத்தவர்கள், நிருவாகிகளைத் தெரிவு செய்பவர்களும் அவர்களே.

வேலை மறுக்கப்பட்டவர்கள் தொடங்கிய சங்கம் அது. எமது நிலையும் அன்று அதுதான். ஆனால் கூட்டுறவுக்கும் வரவுக் கொப்பி வேண்டும், கூலி நாள் வேண்டும், பிழை செய்த அங்கத்தவரை விசாரிக்கும் முறை வேண்டும். சொந்தத் தொழிலில் நாலு பேரை நியாயமாக நடத்தப் பழகியவரால்தான் நாளைக்கு நாற்பது பேரின் சங்கத்திலும் நியாயமாக இருக்க முடியும்.

முடிவாக

நாம் இழந்த வயலை இந்தப் பாடம் திருப்பித் தராது. ஆனால் கூலிக்கு நின்ற நாட்களில் நாம் எதிர்பார்த்துக் கிடைக்காமல் போன மூன்று விடயங்களை, அதாவது முதலிலேயே சொன்ன கூலி, சொன்ன நாளில் கூலி, காரணம் கேட்காமல் நிறுத்தாத மரியாதை ஆகியவற்றை, இன்று எம்மிடம் நிற்பவருக்குக் கொடுக்க எம்மால் முடியும். அதற்குப் பெரிய முதல் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு கேள்வியும் போதும்.

குழுவில் கலந்துரையாட

1. நீங்கள் கூலி வேலை செய்த காலத்தில் உங்களை நியாயமாக நடத்திய முதலாளி ஒருவரை நினைவுகூருங்கள். அவர் என்ன செய்தார்?

2. உங்கள் கிராமத்தில் கையாளுக்கு இன்றுள்ள நாட்கூலி எவ்வளவு? பெண்களுக்கு அதே கூலி கிடைக்கிறதா? இல்லையெனில் ஏன்?

3. இரண்டாம் பகுதியிலுள்ள கணக்கை உங்கள் கிராமத்துக் கூலியை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாள் உண்மைச் செலவு எவ்வளவு?

4. இருவர் இருவராக நடித்துப் பாருங்கள்: ஒருவர் பாஸ், மற்றவர் மூன்றாம் முறை பிந்தி வந்த கையாள். பின்னர் இடம் மாறி நடியுங்கள். எந்த இடத்தில் நிற்பது கடினமாக இருந்தது?

அடுத்த கூட்டத்துக்கு முன்: ஆள் வைத்துத் தொழில் செய்யும் ஒவ்வொருவரும் ஆறு நிரல் கொப்பியை ஒரு வாரம் எழுதிக் கொண்டு வாருங்கள்.